பழைய பயணப் பெட்டிகளும் வெளிநாட்டு ஆசிரியர் வேலையும்: எதை ஸ்கேன் செய்வது, எதை எடுத்துப்போவது?

கரும்பலகை கேட்டது:

வணக்கம். வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்க வேலை உறுதியாகியிருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கிளம்ப ஐந்து மாதம் இருக்கிறது. பட்டம், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், அனுபவக் கடிதங்கள், போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவப் பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். "சான்றிதழ்களை முறைப்படி அட்டெஸ்ட் செய்து அனுப்பவும்" என்று ஒரே ஒரு வரி. எந்த முறை என்று சொல்லவில்லை.

வீட்டையும் காலி செய்கிறேன். பழைய பயணங்களின் சாமான் மூன்று அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது: ஒட்டும் பக்க ஆல்பத்தில் படங்கள், பயணச்சீட்டுகள், ரசீதுகள், நாட்குறிப்புகள், காலாவதியான இரண்டு பாஸ்போர்ட், சிப்பிகள், காய்ந்த இலைகள், நாலைந்து மெமரி கார்டு, ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க். உறவினர் வீட்டு மொட்டைமாடி அறையில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய நேரம் இருக்காது. பழைய பாஸ்போர்ட்டை லேமினேட் செய்து நினைவாக வைத்துக்கொள்ளலாமா? படங்களில் சிலவற்றைப் பாடத்தில் பயன்படுத்தவும் ஆசை.

முத்திரைத்தாள் எழுதியது:

பாஸ்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள். எதையுமே லேமினேட் செய்யாதீர்கள். வேலைக் காகிதம் ஒரு பக்கம், நினைவுப் பொருள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இந்த யோசனை வருகிறது. அந்தப் பெட்டிகளில் கணிசமான பகுதி உங்கள் விசாவுக்கான ஆதாரம்.

விசா விண்ணப்பங்களில் பழைய பயணங்களைக் கேட்பது சாதாரணம். பிரிட்டன் விண்ணப்பம் பத்து ஆண்டுப் பயணங்களைக் கேட்கும். போலீஸ் கிளியரன்ஸும் சொந்த நாட்டோடு முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். அந்த வரம்பு ஓரிடத்தில் ஆறு மாதம், இன்னோரிடத்தில் பன்னிரண்டு மாதம். போதாததற்கு, குழந்தைகள் பாதுகாப்பை ஒழுங்காகப் பார்க்கும் பள்ளிகள் உங்கள் பணி வரலாற்றில் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் "அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டே தீரும். மூன்றுக்கும் பதில் உங்கள் முத்திரைகளிலும் சீட்டுகளிலும் இருக்கிறது.

ஆகவே முதல் வாரம் ஒரு அட்டவணை போடுங்கள். நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, நாடு, காரணம், ஆதாரம், அதன் கோப்புப் பெயர். ஆதாரம் பாஸ்போர்ட் முத்திரை, பயணச்சீட்டு, விமான நிறுவனத்தின் மின்னஞ்சல் எதுவாகவும் இருக்கலாம். முத்திரை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடியவை) 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவுக்கு மாறத் தொடங்கிவிட்டன. இனி மின்சீட்டைச் சேமிக்காதவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

காலாவதியான பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்யுங்கள். முத்திரைகளைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் பக்கத்தோடு ஆதாரமும் போய்விடும். பழைய புத்தகத்தில் இன்னும் காலாவதியாகாத விசா இருக்கிறதா என்றும் பாருங்கள். புதியதில் சுற்றுலாத்தல நினைவு முத்திரை எதையும் குத்தாதீர்கள். மச்சு பிச்சு போன்ற இடங்களில் ஆசையாகக் குத்தித் தருவார்கள். அது அதிகாரபூர்வ முத்திரை இல்லை, சில எல்லைகளில் சேதமான பாஸ்போர்ட் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. நோட்டில் குத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான மஞ்சள் புத்தகம் பெட்டியில் கிடந்தால் வெளியே எடுங்கள். அதில் பத்து ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும் 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

இனி அட்டெஸ்ட். பள்ளிக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: அப்போஸ்டிலா (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அதை வழங்கிய நாட்டு அரசு தரும் சான்று), தூதரகச் சான்றொப்பமா? அசல் மீதா, நோட்டரி நகல் மீதா? மொழிபெயர்ப்பு வேண்டுமா? போகும் நாடும் சான்றிதழ் வழங்கிய நாடும் இந்த அப்போஸ்டிலை ஏற்றுக்கொள்ளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் பொதுவாக அப்போஸ்டில் ஒன்றே போதும். இல்லாவிட்டால் கல்வித்துறை அல்லது நோட்டரி, பிறகு வெளியுறவுத்துறை, கடைசியில் தூதரகம் என்ற நீண்ட வரிசை. பழைய வலைப்பதிவுகளை நம்பி இறங்காதீர்கள்: சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய குறிப்புகள் எல்லாம் தூதரக வரிசையைத்தான் சொல்லும். இன்னொன்று, அப்போஸ்டிலை வழங்குவது சான்றிதழ் பிறந்த நாடு. நீங்கள் குடியிருக்கும் நாடும் இல்லை, போகப்போகும் நாடும் இல்லை. பட்டம் ஒரு நாட்டிலும் பயிற்சிச் சான்றிதழ் வேறொரு நாட்டிலும் வாங்கியிருந்தால் இரண்டு இடத்திலும் வேலை நடக்க வேண்டும். ஐந்து மாதத்தைத் தின்பது இதுதான்.

லேமினேட் செய்த பட்டத்தின் மேல் முத்திரையோ ஒட்டுத்தாளோ பிடிக்காது. ஏற்கெனவே செய்திருந்தால் பிரிக்க முயலாதீர்கள், மை உறையோடு உரிந்து வரும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படி விண்ணப்பியுங்கள்.

எதை முன்னால், எதைப் பின்னால் என்பதற்கு ஒரே அளவுகோல் காலாவதி. பட்டத்தின் அப்போஸ்டிலுக்குப் பொதுவாகக் காலாவதி இல்லை. முதல் மாதமே தொடங்கலாம். போலீஸ் கிளியரன்ஸையும் மருத்துவ அறிக்கையையும் பல இடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாகக் கேட்பார்கள். இப்போதே ஓடிப்போய் வாங்கினால் விசா நேரத்தில் மறுபடி வாங்க வேண்டிவரும். பாஸ்போர்ட் ஒப்பந்தக் காலம் முழுக்கச் செல்லுமா என்று பார்த்துவிட்டுப் புதுப்பிப்பதானால் எல்லாவற்றுக்கும் முன்னால் புதுப்பியுங்கள். பாதியில் எண் மாறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் விளக்கம் எழுத வேண்டும்.

அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், வகுப்பு, முழுநேரமா பகுதிநேரமா, வாரப் பாடவேளை, தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் எல்லாம் இருக்கட்டும். "நல்ல ஆசிரியர்" என்று ஒரு பத்தி பாராட்டினால் விசா அதிகாரிக்கு அதில் ஒன்றும் இல்லை. பட்டத்தில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் விரிந்த பெயருமாக இருந்தால் "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரத்தை இந்தச் சுற்றிலேயே போட்டுவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வந்தால் பிரிக்காதீர்கள். பார்த்துக்கொள்ள வேறொரு பிரதி வாங்குங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆவணம் பற்றி மேலே சொல்லியாயிற்று. நான் காகிதத்தோடு நிற்கிறேன்.

ஸ்கேன் வரிசையை அழகைப் பார்த்துப் போடாதீர்கள், எது முதலில் அழியுமோ அது முதலில். அப்படிப் பார்த்தால் முதலிடம் தெர்மல் காகிதத்துக்கு. பேருந்துச் சீட்டு, கடை ரசீது, பெரும்பாலான போர்டிங் பாஸ் எல்லாம் அந்த வகை. அதில் மை கிடையாது. காகிதப் பூச்சே சூட்டில் கறுக்கிறது. அதனால் வெயில், சூடு, கை எண்ணெய், பிவிசி உறையிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் ரசாயனம்) எல்லாமே எழுத்தை மங்கடிக்கும். லேமினேட்டரில் விட்டால் சீட்டு முழுக்கக் கறுத்துவிடும். ஏற்கெனவே மங்கியதைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள். கலரில் எடுத்துக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் எழுத்து ஓரளவு மீளும்.

அடுத்தது ஒட்டும் பக்க ஆல்பம். அந்தப் பசை ஆண்டாக ஆண்டாக மஞ்சளித்துப் படத்தின் முதுகில் ஊறும், மேலே மூடும் பிளாஸ்டிக் தாளும் நல்ல ஜாதி இல்லை. படத்தைத் தொடுமுன் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். வரிசையும் ஓரக் குறிப்புகளும் பதிவாகும். பிறகு மெழுகு பூசாத பல் நூலைப் படத்தின் மூலைக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுங்கள். படத்தை வளைக்காதீர்கள், வளைந்தால் மேல்பூச்சு வெடிக்கும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பக்கத்தோடு சேர்த்து வெட்டி வைத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

அளவுக் கணக்கு: 10×15 செ.மீ. படத்தை 600 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 2400×3600 புள்ளிகள், சுருக்காத டிஃப் கோப்பு 26 எம்.பி. அளவில் வரும். 300 டி.பி.ஐ. என்றால் அதில் கால்வாசி. பெரிதாக அச்சிடப்போகும் படங்களுக்கு 600, மற்றவற்றுக்கு 300 போதும். 35 மி.மீ. ஃபிலிம், ஸ்லைடு இருந்தால் 2400க்குக் குறையக்கூடாது. 1200 டி.பி.ஐ.யில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யத் தொடங்குபவர்கள் முதல் பெட்டியோடு சோர்ந்துவிடுவார்கள். நாட்குறிப்புக்கு ஸ்கேனரே வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் நோட்டைத் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முதுகை அழுத்தித் தட்டையாக்கினால் தையல் விடும்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். லேபில் கழுவி அச்சிட்ட பழைய படங்களுக்குச் சுத்தமான குளிர்ந்த நீர் பெரும்பாலும் சரிவரும். வீட்டு இன்க்ஜெட்டில் அச்சிட்டதை நீரில் போட்டால் கையில் நிறம்தான் மிஞ்சும். எந்த வகை என்று தெரியாவிட்டால் நீர் வேண்டாம்.

சேமிப்புக்கு: அமிலமும் லிக்னினும் (காகிதத்தை மஞ்சளாக்கும் மரப்பொருள்) இல்லாத காகித உறை, அல்லது பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் உறை. பிவிசி வேண்டாம், அது சிதையும்போது அமிலம் வெளியிடும். உறையில் "ஆர்க்கைவல்" என்று அச்சிட்டிருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஐஎஸ்ஓ 18916 என்ற புகைப்படச் சோதனையில் தேறியதா என்று பாருங்கள். செல்லோடேப், ரப்பர் பேண்ட், பேப்பர் கிளிப், துருப்பிடித்த பின் எல்லாம் வெளியே. ஆல்பத்தில் வைக்க மூலைத் தாங்கிகள் போதும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் கோடு முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சில் நல்லது, பிளாஸ்டிக் பூச்சுள்ள படங்களில் பென்சில் பிடிக்காது என்பதால் உறையில் எழுதுங்கள், அதுவும் படத்தை உள்ளே வைக்கும் முன்.

மொட்டைமாடி அறை? கூடாது. பகலில் கொதித்து இரவில் குளிரும் அறையைவிட மோசமான இடம் காகிதத்துக்கு இல்லை. அதே வீட்டில் உள்ளறை அலமாரி ஒன்றைக் கேளுங்கள்: வெளிச்சுவரில் ஒட்டாமல், தண்ணீர்க் குழாய் ஓடாத பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் நலம். ஈரம் முழுக்கக் காயாத பொருளைக் காற்றுப்புகாப் பெட்டியில் அடைத்தால் பூஞ்சை உள்ளேயே வளரும், கவனம்.

துணைக்கோள் எழுதியது:

மெமரி கார்டுதான் அவசரம், காகிதத்தைவிட. பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி எழுதாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கணினியில் செருகுங்கள். படங்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக்கூடாது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும்.

பிரதிகள் மூன்று, ஊடகம் இரண்டு, ஒன்று வேறிடத்தில். பலர் தவறவிடுவது கடைசிப் பகுதியை. லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே பையில் பயணம் செய்தால் திருடனுக்கு அது ஒரு பிரதிதான். ஒரு டிஸ்க் உங்களோடு, ஒன்று உறவினர் வீட்டில், மூன்றாவது கிளவுடில். வீட்டில் விட்டுப்போவது சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்கட்டும், எஸ்.எஸ்.டி.யும் பென் டிரைவும் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் தரவை இழக்கலாம். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது. நகலெடுத்ததும் இரண்டு டிஸ்க்கிலும் ஷா-256 பட்டியல் (ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள். கோப்பு எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே பாதி வெறுமையாக இருப்பது உண்டு. பாஸ்போர்ட், சான்றிதழ் ஸ்கேன்களைத் தனிக் கோப்புறையில் வைத்து வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டுங்கள்.

கிளவுடில் நாலு பொறி இருக்கிறது. கூகுள் போட்டோஸில் சேமிப்பு மிச்சம் செய்யும் தரம் என்றால் படம் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பி-க்கும் சுருங்கும். அசல் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆண்டு தொடாத கூகுள் கணக்கை அவர்கள் நீக்கலாம். பழைய வங்கி அட்டை காலாவதியானால் சந்தா நின்றுபோகும். எல்லாவற்றையும்விடப் பெரியது ஓ.டி.பி.: பழைய சிம் செயலிழந்தால் கணக்குக்குள் நுழையவே முடியாது. கிளம்பும் முன் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறி, பேக்கப் குறியீடுகளை அச்சிட்டு டிஸ்க்கோடு அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். போகும் நாட்டில் அந்தச் சேவை திறக்குமா என்றும் பாருங்கள். சீனாவின் பெருநிலப்பகுதியில் கூகுள் திறக்காது.

முத்திரைத்தாள் சொன்ன அட்டவணைக்குக் கூகுள் மேப்ஸ் டைம்லைன் உதவும். ஆனால் அது இப்போது போனிலேயே இருக்கிறது. பேக்கப் போடாமல் போன் மாற்றினால் பழைய இடங்கள் எல்லாம் போயிற்று.

படங்களின் நேரம் பற்றி. போன் நாடு மாறியதும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும், கேமரா அப்படியே ஊர் நேரத்தில் ஓடும். இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு வரிசைப்படுத்தினால் காலை உணவுக்கு முன் சூரிய அஸ்தமனம் வரும். நேர மண்டலத்தைத் தனியாகக் குறிக்கும் வசதி, படக் கோப்புக்குள் எடுத்த நேரத்தையும் இடத்தையும் பதியும் எக்ஸிஃப் தரத்தில் 2016இல்தான் சேர்ந்தது. பழைய கேமராவில் இருக்காது. நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு படத்தைக் கண்டுபிடியுங்கள், ரயில் நிலையக் கடிகாரம் தெரியும் படம் போல. வித்தியாசத்தைக் கணக்கிட்டு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் அந்தக் கேமராவின் படங்களை மொத்தமாக நகர்த்துங்கள். நகலில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். கோப்புப் பெயரில் இருக்கும் தேதியை எடுத்த தேதி என்று நம்பாதீர்கள்.

பெயர் வைக்க ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசை. ஆண்டு முன்னால் இருந்தால்தான் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாக வரும். குறிப்புகளைச் செயலிக்குள் மட்டும் எழுதினால் வெளியே எடுக்கும்போது கூகுள் அவற்றைத் தனி ஜேசன் கோப்பாகத் தரும். படக் கோப்புக்குள்ளேயே எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

கரும்பலகை:

மூவருக்கும் நன்றி. பள்ளிக்கு எழுதிவிட்டேன். சிப்பிகளையும் இலைகளையும் வகுப்பில் காட்ட எடுத்துப்போகலாமா? சிறிய பவளத் துண்டு ஒன்றும் இருக்கிறது.

சுங்கவாசல் எழுதியது:

பவளத்தைத் தொடாதீர்கள். கல் பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தேவைப்படும். சிப்பியில் இனத்தைப் பொறுத்து மாறும். காய்ந்த இலை, விதை, மண், பதப்படுத்தாத மரம் எல்லாம் தாவரத் தனிமைப்படுத்தல் விதிக்குள் வரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் நுழைவுப் படிவத்தில் சொல்லாமல் விட்டால் அபராதம். சொன்னால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள். புது வேலைக்குப் போகும் நாளில் இந்த வம்பு எதற்கு? பக்கத்தில் அளவுகோல் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் கிட்டப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்கு அது போதும். நாட்குறிப்புக்குள் இலை செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கும் அசல் சான்றிதழ்களும் கைப்பையில். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், 100 வாட்-மணி வரை: மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வரும், 20,000 என்றால் 74. கழுவாத ஃபிலிம் சுருள் இருந்தால் கிளம்பும் முன்னே கழுவிவிடுங்கள். செக்-இன் பெட்டியின் எக்ஸ்ரேயும் கைப்பைக்கு இப்போது வரும் சிடி (CT) ஸ்கேனரும் அதைப் புகைமூட்டமாக்கும்.

வகுப்புக்கு நாற்பது படத்துக்குமேல் வேண்டாம், லேப்டாப்பிலேயே இருக்கட்டும். பள்ளி வலையமைப்பில் கிளவுட் அடைத்திருக்கலாம். ஐபோனின் ஹெயிக் (எல்லாக் கணினியும் திறக்காத வடிவம்) படங்களுக்கு ஜேபெக் நகல் எடுத்துவையுங்கள். இடத் தகவலை அந்த நகலில் அழித்துவிடுங்கள். பழைய பள்ளி மாணவர்களின் முகம் தெரியும் படம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. போர்டிங் பாஸ் படத்தைக் காட்டினால் பட்டைக் குறியீட்டை மறையுங்கள், அதில் பெயரும் முன்பதிவு எண்ணும் படிக்கக் கிடைக்கும். அறிவியலுக்கு நல்ல படங்கள் எவை என்றால் அளவு தெரிபவை: நாணயம் பக்கத்தில் இருக்கும் பாறை அடுக்கு, ஒரே துறைமுகத்தின் ஓதமும் வற்றமும், நேரமும் இடமும் பதிவான கம்பத்தின் நண்பகல் நிழல். கடைசியது சம இரவு நாளை (பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் நாள்) ஒட்டி எடுத்ததாக இருந்தால் கம்பத்தின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் வைத்துக் குழந்தைகளே அட்சரேகையைக் கணக்கிடலாம்.

முத்திரைத்தாள் எழுதியது:

ஒரு திருத்தம், ஏட்டுச்சுவடி கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்னைக் கழற்றச் சொன்னது நினைவுக் காகிதங்களுக்கு மட்டும். அப்போஸ்டில் தனித்தாளாகச் சான்றிதழோடு பின் அடித்து வந்தால் அந்தப் பின்னைத் தொடாதீர்கள், ஸ்கேன் செய்யக்கூட. கழற்றி மறுபடி அடித்த துளைகள் தெரிந்தால் அது செல்லாது என்று நிராகரிக்கலாம். மடக்கிப் பிடித்தபடி போனில் படமெடுங்கள். மொழிபெயர்ப்பு கேட்டிருந்தால் அப்போஸ்டில் வந்தபிறகு கொடுங்கள். பல நாடுகளில் அப்போஸ்டில் தாளும் சேர்ந்து மொழிபெயர்க்கப்பட வேண்டும். கையில் வந்ததும் பத்து எண்ணிட்ட கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா, பிரெஞ்சுத் தலைப்பு இருக்கிறதா, கையெழுத்திட்டவர் பெயர் சான்றிதழில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.